உன் வண்டிக்கு நான் மாட்டிய ரிமோட்

பாசமுள்ள வசந்தி அக்காவுக்கு,

நாம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. நீ போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். கல்யாணத்துக்கு முந்தின நாள் உனக்குப் பூவாடைக்காரி படையல் போட்டார்கள். சுமங்கலியாகப் போனவளைக் கூப்பிட்டு, புதுச் சேலை வைத்து, உத்தரவு கேட்டுவிட்டுத்தான் அடுத்தவளை வீட்டுக்குள் விடுவார்களாம். உனக்கு வைத்த சேலையைத்தான் மறுநாள் நான் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். மாம்பழ நிறம், பச்சைக் கரை. உனக்குப் பிடித்த நிறம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

'நீங்கள்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். சாமியையே 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம், உனக்கு மட்டும் எதற்கு 'ங்கள்' என்று அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எனக்கும் உன்மேல் நிறையவே இருக்கிறது.

முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். நல்லபடியாக இருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. கோயில் பக்கத்துக் கடையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் வேலை அப்படியே நடக்கிறது. உன் படத்துக்கு அந்தக் கடையிலேயே உயர்ந்த தேக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். எங்கள் கல்யாணப் படம் இன்னும் உறைக்குள்ளேயே கிடக்கிறது. கேட்டால், "கடையில வேலை நெருக்கடியா இருக்குது ஜெயந்தி" என்கிறார். ஊர்ச் சாமிக்கெல்லாம் சட்டம் போட நேரம் இருக்கிறது.

சரி, படத்தை விடு. உன் வண்டிக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நீ வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் போய்வந்த அந்த வெள்ளைக் கார், சோக் இழுத்தால்தான் கிளம்பும் அந்தக் காலத்து வண்டி, நீ விட்டுப்போன அதே சுவரோரத்தில்தான் நிற்கிறது. அவருக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. விற்றுவிடலாம் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? டீயைக் கையில் வாங்கிக்கொள்வார். நேராக வெளியே போவார். வண்டியின் இடது கதவைத் திறந்து, நீ ஓட்டும்போது அவர் உட்காரும் சீட்டில் உட்காருவார். கியரை நடுவில் தட்டிவிட்டு, சோக்கை இழுத்து, உடம்பை முக்கால்வாசி சாய்த்து, ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். வண்டி இருமித் தும்மிக் கிளம்பும். பிறகு டீயைக் குடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். டிரைவர் சீட் காலியாக இருக்கும். ஒருநாள்கூட அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஓடாம கிடந்தா பேட்டரி பூடும்மா" என்பார். எனக்கா பேட்டரியைப் பற்றித் தெரியாது? என் பிறந்த ஊரான தாமலில் இருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய், கார்களுக்குள் போகும் ஒயர்க் கட்டுகளைச் செய்யும் தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் நின்று வேலை பார்த்தவள் நான். ஆட்களைக் குறைத்தபோதுதான் வீட்டில் உட்கார்ந்தேன், அப்புறம்தான் கல்யாணம். பேட்டரி போகாமல் இருக்க வண்டியைக் கிளப்பினால் போதும். டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. அடுப்படி ஜன்னல் வழியாக அவருடைய பின்தலை மட்டும் தெரியும். அங்கே உட்கார்ந்து உன்னிடம் என்ன பேசுகிறாரோ, நேற்றைய குழம்பைப் பற்றி என்ன குறை சொல்கிறாரோ என்று நான் நின்று நின்று தோசையைக் கருக்குவேன். உயிரோடு இருப்பவளாக இருந்தால் தெருவில் இறங்கிச் சண்டையாவது போடலாம். உன்னோடு எப்படிப் போடுவது? நீ நல்லவள் என்று தெருவே சொல்கிறது.

எனக்கு அந்தக் காலை டீ நேரம் வேண்டும், அக்கா. மற்ற நேரமெல்லாம் கடைக்குப் போய்விடுகிறது, கோயிலுக்குப் போய்விடுகிறது. அந்தக் கொஞ்ச நேரமாவது அவர் அடுப்படிப் படியில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பா?

அப்போதுதான் போனில் அந்தச் சாமானைப் பார்த்தேன். வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அழுத்தினால் வெளியில் நிற்கும் வண்டி கிளம்பிவிடும். பழைய வண்டிகளுக்கும் மாட்டலாம் என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். பார்சலைப் பிரித்தால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, அதிலிருந்து கலர் கலராக ஒயர்கள், இரண்டு ரிமோட். அந்த ஒயர்களைத் தொட்டதும் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது.

அவர் கடைக்குக் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே தலையை நுழைக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீ சீட்டை அவ்வளவு முன்னால் தள்ளி வைத்திருந்தாய். உன் கால் அத்தனை குட்டையா? யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. அதில் ஒரு சின்னச் சந்தோஷம் எனக்கு. லீவரைத் தூக்கிச் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினேன். நீ போனதிலிருந்து யாரும் நகர்த்தாத சீட் என்பது அந்த நேரம் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

உள்ளே பார்த்தால் எல்லா ஒயரும் ஒரே மண் நிறம். எங்கள் லைனில் சிவப்பு என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை. இங்கே பேட்டரியை மறுபடி மாட்டி, டெஸ்ட் லைட்டை ஒவ்வொன்றாக வைத்து, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எது எதற்குப் போகிறது என்று கண்டுபிடித்தேன். எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர் எது, சாவி திருப்பினால் மட்டும் வருவது எது, ஸ்டார்ட்டருக்குப் போவது எது என்று பேப்பர் ஒட்டிக் குறித்துக்கொண்டேன்.

அங்கேயும் நீ இருந்தாய். ஹாரனுக்குப் போகும் ஒயர் எப்போதோ அறுந்திருக்கிறது. நீயே முறுக்கிச் சேர்த்து, டேப் இல்லாமல் போனதாலோ என்னவோ, மேலே பட்டு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய். அறுந்த இழையைச் சேர்க்க எதிர்வீட்டு நாகம்மாக்கா தறியில் போடும் அதே முடிச்சு. எந்த முனை உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் சூட்டிலும் புழுதியிலும் ஒரு இழை நெகிழவில்லை. கம்பெனியில் வேலை பார்த்த எனக்கு இப்படி ஒரு முடிச்சு வராது. அதனாலேயே பற்றிக்கொண்டு வந்தது. கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, என் கையால் டேப் சுற்றினேன்.

எல்லாம் மாட்டியாயிற்று, ஒரு ஒயர் மட்டும் மிச்சம். அது ஹேண்ட்பிரேக்குக்கான ஒயர். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் பெட்டி வண்டியைக் கிளப்பும். ஆனால் உன் வண்டியின் ஹேண்ட்பிரேக் செத்து எத்தனையோ காலம். அதனால் அந்த ஒயரை நேராக வண்டியின் பாடியில் முடுக்கிவிட்டேன். ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டே இருக்கிறது என்று பெட்டி நம்பிக்கொள்ளும். எத்தனை கெட்டிக்காரி நான் என்று அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாயந்திரம் அவர் வந்தார். நான் சொல்வதற்குள் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். ரிமோட்டையும் பார்க்கவில்லை, புதுப் பெட்டியையும் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தார்.

"யாரு தள்ளினது?"

"நான்தாங்க. உள்ள குனிய முடியல. திரும்ப முன்னால தள்ளிடலாம்."

அவர் லீவரைத் தூக்கிச் சீட்டை முன்னால் நகர்த்தினார். நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி முன்னால். "எந்தப் பல்லுல நின்னுக்கினு இருந்துச்சின்னு எனக்கே தெரியலயேம்மா" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன், ஏற்கெனவே களைந்து வைத்த அரிசியையே.

மறுநாள் காலை அவர் வெளியே போகுமுன்பே பொத்தானை அழுத்திக் காட்டிவிட வேண்டும் என்று முந்திக்கொண்டேன். சோக்கையும் முதலிலேயே இழுத்து வைத்துவிட்டேன். தெருவில் நாகம்மாக்கா வீட்டுப் பாவு போட்டிருந்தார்கள். நான் தாமல்காரி, முதன்முதலில் பார்த்தபோது அசந்து போயிருக்கிறேன். சேலை நெய்ய வேண்டிய பட்டு இழை அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களில் தாங்கி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். உன் வண்டிக்கு ஓரடி முன்னால்தான் ஒரு மூங்கில் கால் நின்றது. நின்றால் என்ன, நாம் வண்டியை ஓட்டவா போகிறோம், சும்மா கிளப்பத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

அடுப்படியில் நின்று அவர் கையில் டீயைக் கொடுத்தேன். "இங்கயே இருங்க. ஒண்ணு காட்டறேன்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது அக்கா. ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டி, யாராவது கை வைத்துத் தள்ளினாலே நகரும். அணைத்ததும் கியரில் தள்ளிவிடச் சொல்லி நீதான் அவருக்குப் பழக்கியிருக்கிறாய். காலையில் அவர் கியரைத் தட்டிவிட்டுக் கிளப்புவதைத் தினம் பார்த்திருக்கிறேன். அதை எதற்குச் செய்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒயர் எல்லாம் தெரிந்தவளுக்கு ஓட்டத் தெரியவில்லையே.

வண்டி கிளம்பியதோடு நிற்கவில்லை. கங்காரு மாதிரித் துள்ளியது. ஒரு துள்ளில் மூங்கில் காலைத் தள்ளியது, பாவு தொய்ந்தது, இன்னொரு துள்ளு துள்ளிவிட்டு அணைந்து நின்றது. நாகம்மாக்கா கஞ்சிப் பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டு அலறியது தேரடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அய்யய்யோ, வண்டில ஆளே இல்லடா! வசந்தி வந்துட்டாடா!"

நல்லவேளை, இழை எதுவும் பெரிதாக அறுபடவில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். நான் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வண்டிக்குப் போய், இடது கதவைத் திறந்து, கியரைத் தட்டிவிட்டு, டேஷ்போர்டின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நாகம்மாக்கா பானெட்டின் மேல் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாவுமேல ஏறாம நின்னா பாரு. நம்ம வசந்தி அடுத்தவங்க பொழப்புல கைவைக்க மாட்டா."

"யக்கா, அது ரிமோட்டுக்கா! நான்தான் மாட்டினேன்!" என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன்.

"நீ மாட்டினே சரிம்மா. கிளப்பினது யாரு?"

"நான்தான்."

"நீ அடுப்படியில இருந்துக்கினு எப்படிம்மா கிளப்புவே?"

ஒயர் சீவிச் சீவி விரல் பொத்துப்போனது எனக்கு. கழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்கு. பேர் மட்டும் உனக்கு. பாவைச் சாய்த்த வசவாவது என்னைச் சேருமா என்று பார்த்தால் அதுவும் இல்லை, கற்பூரமாக மாறி உன்னிடமே போய்விட்டது. நாகம்மாக்கா என்னைத் திட்டவே இல்லை, அக்கா. ஒரு தப்புகூட என் பேரில் எழுதிக்கொள்ள விடமாட்டேன் என்கிறாயே.

நான் விடவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஹேண்ட்பிரேக்குக்குப் புதுக் கேபிள் போட வைத்தேன். பாடியில் முடுக்கிய ஒயரைக் கழற்றி, ஹேண்ட்பிரேக் சுவிட்சில் முறையாகக் கொடுத்தேன். கியரைத் தொடக்கூடாது, நடுவிலேயே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டாலே போதும் என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். பாவு போடாத ஒரு நாளாகப் பார்த்து, மறுபடி டீயைக் கொடுத்து, இந்தத் தடவை ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அழுத்தினார். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பியது. நான் அடுப்படிப் படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று தலையில் பூகூட வைத்திருந்தேன்.

அவர் உட்காரவில்லை. டீயோடு வெளியே போனார். போய், அந்த இடது சீட்டில் உட்கார்ந்தார். பின்னாலேயே போன என்னை ஜன்னல் வழியாகப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத் தாலி கட்டிய அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"ஜெயந்தி, சாவிக்கு ஆளே வேணாம் பாரேன். அவளே வந்து உட்காந்து கிளப்பின மாதிரி இருக்குது."

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குப் புரிகிறதா? உன்னை வீட்டுக்கு வெளியே அனுப்ப நான் வாங்கிய சாமான், உன்னை ஸ்டீயரிங் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அதுவரைக்கும் அந்தச் சீட் காலியாக இருந்தது. இனிமேல் அதில் நீ இருக்கிறாய். மாட்டிவிட்டவள் நான்.

அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"அவ கிளப்பல. நான் கிளப்பினேன். ஒயர் இழுத்தது நான், பிரேக் போட்டது நான். அவ செத்துட்டா. நான்தான் இங்க நின்னுக்கினு இருக்கேன், கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அவருடைய சிரிப்பு போய்விட்டது. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தெருவில் நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் போவதா என்று யோசித்தேன். உள்ளே போனால் அவர் இங்கேயே உட்கார்ந்திருப்பார், உன்னோடு. வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். வலது கதவைத் திறந்தேன். உன் சீட்டில் உட்கார்ந்தேன்.

முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. அவர் டீயை ஒரு வாய் குடித்தார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாகம்மாக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் அசையவில்லை. எவ்வளவு நேரம்தான் இருப்பது? கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"பேசுங்க. தினம் பேசுவீங்களே. நான் இருந்தா என்ன, பேசுங்க."

"யாருகிட்ட?"

"அவகிட்டதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், உண்மையிலேயே விளங்காமல். "நான் எங்கம்மா பேசினேன்? வண்டில உட்காந்தா அவ பேசவே விடமாட்டா. வாயத் தொறந்தா, 'ரோட்ட பாக்கணும், வாய மூடிக்கினு உட்காருப்பா'ன்னுவா. வாலாஜாபாத் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. அதே பழக்கத்துல சும்மா உட்காந்துருக்கேன்."

அக்கா, எத்தனை தோசையைக் கருக்கியிருப்பேன் நான்! அங்கே ஒரு பேச்சும் இல்லையாம். நீ அவரை ஊமையாக உட்கார வைத்திருந்தாய், அவரும் நீ போன பிறகுகூட வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் உப்பு, புளி, கரண்ட் கட், எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுகிற மனிதர்! இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் செத்தவளுக்கு இவ்வளவு கட்டுப்படுகிறாரே என்று அதற்கும் ஒருமுறை வயிறு எரிந்தது. என் குணம் அப்படி, என்ன செய்ய?

இப்போது நடப்பைச் சொல்கிறேன். ஏனாத்தூர் போகிற வழியில் உள்ள டிரைவிங் ஸ்கூலில் நான் சேர்ந்துவிட்டேன். கிளட்சில் இருந்து காலை எடுப்பதுதான் இன்னும் வரவில்லை, வண்டி அணைந்து அணைந்து போகிறது. சொல்லிக் கொடுப்பவர், "மேடம், ஒயர்லாம் தெரியும்னீங்க?" என்று கேலி செய்கிறார். வரட்டும், ஒருநாள் வந்துவிடும். காலையில் ரிமோட்டை நான்தான் அழுத்துகிறேன். அவர் இடது சீட்டில், நான் வலது சீட்டில். டீ இரண்டு டம்ளர்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவரைத் தாமல் ஏரிக்கரை வரைக்கும் உன் வண்டியில் கூட்டிப்போவேன். நான் ஓட்டும்போது பேசலாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். வழி நெடுக வாய் ஓயாமல் பேசட்டும். அவர் யாரைப் பற்றிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? பேசட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்பேன்.

இப்படிக்கு,
இன்னும் வயிற்றெரிச்சல் அடங்காத உன் தங்கை
ஜெயந்தி